குளிர்க் கடலுக்கு ஒரு ஸ்வெட்டர்

கடலூர் முதுநகர்
11.12.2004

மகேசுக்கு அத்தை எழுதுவது.

இங்க நானும் மாமாவும் இருக்கோம். உங்க அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா? பி.எட். பரிட்சை முடியற வரைக்கும் நீ சிதம்பரத்துலயே இரு. இங்க வந்து என்னோட பாத்திரம் தேய்க்க வேணாம்.

விஷயத்துக்கு வரேன். ஜெயப்பிரகாஷ் வியாழக்கிழமை போன் பண்ணினான். கப்பல் நார்வேக்குப் பக்கத்துல எங்கியோ போயிட்டிருக்குதாம். டெக்ல நின்னா மூக்கு இருக்குதான்னு தொட்டுப் பாத்துக்கணுமாம். நான் பின்னிக் குடுத்த நீல ஸ்வெட்டர்ல கழுத்து வழியா காத்து போவுதுன்னான். "கழுத்தை இன்னும் ஒசத்தி வைம்மா" அப்படின்னான். அதான் இன்னொண்ணு ஆரம்பிச்சிருக்கேன். திருப்பாதிரிப்புலியூர்ல ரெண்டு கடை ஏறி இறங்கினேன். உல்லன் நூல் சாம்பல் கலர்லயும் கிளிப்பச்சையிலயும்தான் இருந்துச்சு. சாம்பல் எடுத்தேன். கடைக்காரன், "இந்த ஊர் வெயிலுக்கு யாருக்கும்மா ஸ்வெட்டரு"ன்னு சிரிக்கிறான். கான்வென்ட்ல சிஸ்டர் கத்துக்குடுத்த நாள்லேர்ந்து இதைக் கேட்டுக்கேட்டுப் பழகிடுச்சு.

அவன் மார்பு அளவு வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தது எனக்குத் தெரியும். இப்போ உனக்குத்தான் தெரியும். கூச்சப்படாம எழுது. கை நீளமும் எழுது.

உனக்கு ரெண்டு தடவை போன் பண்ணினா எனக்கு ஒரு தடவை பண்றான். குத்தமா சொல்லலை. சும்மா சொன்னேன்.

அத்தை
ரத்தினம்மாள்


மாலைகட்டித் தெரு, சிதம்பரம்
19.1.2005

அன்புள்ள அத்தைக்கு,

அன்று கடலூரிலிருந்து கிளம்பும்போது சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். நீங்கள் கொல்லையில் இருந்தீர்கள். கூப்பிடலாம் என்று நின்றேன். கூப்பிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

போனிலும் அப்படித்தான் ஆகிறது. நீங்களும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. மூச்சுதான் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கப்பல் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய இங்கிலீஷ் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. அதில் இருப்பது இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் புயல். டெக்கில் கயிறு கட்டப் போன இரண்டு பேரில் ஒருவர் திரும்பினார். உங்கள் பிள்ளை திரும்பவில்லை. கப்பலைத் திருப்பித் தேடினார்கள். ஹெலிகாப்டர் வந்தது. கிடைக்கவில்லை. 'காணவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வேறு வார்த்தை போடவில்லை.

நான் வகுப்புக்குப் போகிறேன். நோட்ஸ் எடுக்கிறேன். நேற்று என் கையெழுத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண், எவ்வளவு அழகாக எழுதுகிறாய் என்றாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது அத்தை. அழுகை வர மாட்டேன் என்கிறது. அம்மா பயப்படுகிறார்கள்.

மகேஸ்வரி


கடலூர் முதுநகர்
6.2.2005

மகேசு,

உன் கடுதாசி வந்துச்சு. உங்க மாமா ரெண்டு தடவை படிச்சாரு.

சுனாமி வந்ததுலேர்ந்து இங்க ஊரே அழுதுட்டிருக்குது. சிங்காரத்தோப்புல, தேவனாம்பட்டினத்துல வீடு வீடா சாவு. நானும் அழுத முகமா இருக்கேனோ என்னமோ, நிவாரணம் குடுக்கற பசங்க வந்து, "உங்க வீட்டுல யாரும்மா அலையில போனது"ன்னு கேட்டாங்க. "என் புள்ள வேற கடல்ல"ன்னேன். அவுங்களுக்குப் புரியலை. அரிசிப் பையை வச்சிட்டுப் போயிட்டாங்க. உங்க மாமா அதைத் தூக்கிட்டுப் போய் மங்கம்மா வீட்டுல குடுத்துட்டு வந்தாரு. மீன் விக்க வருவாளே, அந்த மங்கம்மா. அவளுக்கு ரெண்டு பொண்ணும் இல்லை. அவ எதிர்ல போய் நான் என்னத்த அழறது?

அவன் நீச்சல் தெரிஞ்சவன். ஏதாவது கப்பல் தூக்கியிருக்கும். பாஷை தெரியாத ஊர்ல எங்கியாவது ஆஸ்பத்திரியில கிடப்பான். இது நடக்காததில்லை.

உங்க பெரியம்மா உன் நெத்தியைப் பத்திப் பேசறதா கேள்விப்பட்டேன். பொட்டை எடுக்காதே. தாலியில கை வைக்காதே. யார் சொன்னாலும் கேக்காதே. கேட்டா என் முகத்துல முழிக்காதே.

சாம்பல் ஸ்வெட்டர் முடிஞ்சிடுச்சு. நீ எழுதின அளவுக்கே சரியா வந்திருக்குது. பீரோவுல வச்சிருக்கேன்.

ரத்தினம்மாள்


சிதம்பரம்
14.11.2006

அன்புள்ள அத்தைக்கு,

மாமா போன் செய்தார். நீங்கள் ஊசியைத் தொட்டே ஒரு வருஷம் ஆகிறது, காலையில் உட்கார்ந்த இடத்திலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார். நான் சொன்னதாகச் சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. யு.கே.ஜி. வகுப்பு. பிள்ளைகள் நாள் முழுக்கக் கத்துகிறார்கள். அது எனக்கு நல்லதாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் காது நிறைய சத்தம் இருக்கும், யோசிக்க இடம் இருக்காது.

டிசம்பரில் பள்ளியில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள். கடையில் வாங்கும் ஜிகினாவைப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கவலை. நீங்கள் பின்னிக் கொடுத்த செல்போன் பையை என் கையில் பார்த்துவிட்டு, இதைப் பின்னியவர்களிடம் கேட்க முடியுமா என்றார்கள். மரத்தில் தொங்கவிட நட்சத்திரம், சின்ன சாக்ஸ், ஆட்டுக்குட்டி, இப்படி. முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் மாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அதையாவது எழுதுங்கள்.

பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மகேஸ்வரி


கடலூர் முதுநகர்
8.12.2006

மகேசு,

பார்சல் மாமா கையில வருது. பிரிக்கறப்போ பாத்துப் பிரி, சிக்கிக்கும்.

நட்சத்திரம் மஞ்சள்லயும் வெள்ளையிலயும் இருக்குது. சாக்ஸ் கட்டைவிரல் நீளம். ஆடு முதல்ல மூணு போட்டேன், மூணும் நாயாட்டம் வந்துச்சு. பிரிச்சுட்டு மறுபடி போட்டேன். ஒண்ணுக்கு மட்டும் ஒரு கால் குட்டையா போச்சு. உங்க மாமா அதைப் பிரிக்க விடலை, "இருக்கட்டும், நொண்டி ஆடுன்னு ஒண்ணு இருக்காதா"ன்னாரு. நாலஞ்சு குட்டி ஸ்வெட்டரும் இருக்குது. உள்ளங்கை அகலம்தான். கழுத்து, கை எல்லாம் வச்சிருக்கேன். பொம்மைக்குக்கூடப் பத்தாது. சும்மா தொங்கறதுக்கு.

சின்னது போடறது சுளுவா இருக்குது. உக்காந்தா எழுந்திருக்கறதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சிடுது. யாருக்குன்னு யோசிக்க வேணாம், அளவு கேக்க வேணாம். பெருசா எதுவும் இனிமே என்னால ஆவாது. அதை மட்டும் கேக்காதே.

ராத்திரி தூக்கம் கொஞ்சம் வருது. உன் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்ன சொன்னாங்கன்னு எழுது. நூல் விலையைக் கேட்டா வாங்காதே.

அவன் வந்தான்னா இதையெல்லாம் பாத்து சிரிப்பான்.

அத்தை


கடலூர் முதுநகர்
2.8.2009

மகேஸ்வரிக்கு,

மூணு கிறிஸ்துமஸுக்கு உனக்கு நான் நட்சத்திரம் பின்னி அனுப்பியிருக்கேன். நீயும் வாய் நிறைய அத்தை அத்தைன்னு எழுதினே. இப்போ ஊர்ல வேற பேச்சு வருது.

தில்லையம்மாள் போன வாரம் சிதம்பரத்துலேர்ந்து வந்தா. சொந்தக்காரிதானே, காபி குடுத்தேன். குடிச்சு முடிச்சிட்டு டம்ளரைக் கீழ வைக்கறப்போ சொல்றா, "மகேஸ்வரியைப் பாக்க சீர்காழியிலேர்ந்து வந்திருந்தாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாதுடி. தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது, எனக்குத் தெரியலை. வினோத்குமாராம். பொண்டாட்டி செத்தவனாம். பேங்க்ல வேலையாம்.

என் புள்ள உயிரோட இருக்கறப்போ என் மருமகளைப் பொண்ணு பாக்க எவன் வந்தான்? நீ எந்தப் புடவையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னே? என் புள்ள எடுத்துக் குடுத்த மாம்பழக் கலர் புடவையா?

கடலுக்குப் போனவன் திரும்பி வர நாளாகும். நாங்க காத்திருக்கோம். உனக்குப் பொறுமை இல்லைன்னா எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கணும்.

ரத்தினம்மாள்


சிதம்பரம்
9.8.2009

அத்தைக்கு,

மாம்பழக் கலர் இல்லை. அம்மாவின் பழைய சுங்குடி. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அவர்கள் வரப்போவது எனக்கு அன்று காலையில்தான் தெரியும். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அந்த மனிதர் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். வேறு யாரையோ பார்க்க வந்திருப்பதைப் போல நானும் பக்கத்தில் இருந்தேன். வேண்டாம் என்று பிறகு சொல்லியனுப்பிவிட்டேன். தில்லையம்மாள் உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நானும் கேட்கிறேன். அவரோடு நான் இருந்தது நாலு மாசம். அதற்குள் இரண்டு தடவை சண்டை போட்டோம். அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்தால் கல்யாண வீடியோவில் இருக்கிற சிரிப்புதான் வருகிறது. நீங்கள் அவரைப் பெற்றீர்கள். காத்திருப்பது உங்களுக்கு ஒரு வேலை. எனக்கு என்ன வேலை? பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனால் ஆரத்தித் தட்டைக் கொடுக்கலாமா கூடாதா என்று என் எதிரிலேயே இரண்டு பேர் கிசுகிசுக்கிறார்கள். நான் சுமங்கலியா, இல்லையா? நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் தெரியும்போல.

அவர் உயிரோடு இருந்தால் இத்தனை வருஷம் ஒரு போன் செய்யாத ஆளா? அப்படிப்பட்டவராக இருந்தால் அது எனக்கு இன்னும் கேவலம். நீங்கள் இதை ஒரு நாளாவது யோசித்தீர்களா?

இந்த வருஷம் பள்ளிக்கு எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிக்கொள்கிறோம். இனிமேல் எழுத வேண்டாம்.

மகேஸ்வரி


சிதம்பரம்
2.1.2012

அத்தை,

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை புயல் கரையேறியதிலிருந்து உங்கள் போன், மாமா போன், பக்கத்து வீட்டு சலீமா பீவி போன், எதுவும் போகவில்லை. இங்கேயும் மரங்கள் விழுந்திருக்கின்றன, ஆனால் கடலூரில்தான் மோசம் என்கிறார்கள். பஸ் இல்லை. எங்கள் பள்ளி வாட்ச்மேனின் தம்பி பைக்கில் வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறீர்களா? இந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்புங்கள். தண்ணீர் இருக்கிறதா? மாமாவின் பிரஷர் மாத்திரை இருக்கிறதா? மெழுகுவர்த்தியும் பிரெட்டும் வைத்திருக்கிறேன்.

மகேஸ்


கடலூர் முதுநகர்
17.1.2012

மகேசு,

அன்னிக்கு அந்தத் தம்பி அவசரப்பட்டான், "இருக்கோம்"னு மட்டும் எழுதி அனுப்பினேன். இப்போ விவரமா எழுதறேன்.

கூடத்து மேல போட்டிருந்த தகர சீட்டு பறந்து போய் சலீமா பீவி வீட்டுக் கிணத்துல கிடந்துச்சு. முருங்கை, வேம்பு ரெண்டும் இல்லை. தெருவுல ஒரு கரண்டுக் கம்பம்கூட நிக்கலை. சலீமா பீவி, அவ பொண்ணு சாய்ரா, நாங்க ரெண்டு பேர், எல்லாம் எங்க சமையக்கட்டுலதான் நாலு நாள். நூல் வச்சிருந்த டிரங்குப் பெட்டியில தண்ணி பூந்து செவப்பு நூல் சாயம் எல்லாத்துலயும் ஏறிடுச்சு.

கம்பம் நட வெளியூர்லேர்ந்து ஆளுங்களை அனுப்பியிருந்தாங்க. பகல் பூரா வேலை செஞ்சிட்டு ஸ்கூல்ல படுத்துக்கிறாங்க. பொங்கலுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் மழை பிடிச்சுது. நம்ம வாசல்ல நாலு பேர் ஒதுங்கினாங்க. அதுல ஒருத்தனுக்குப் பல்லு தந்தி அடிக்குது, காய்ச்சல். மாத்துத் துணி இல்லை. பீரோ மேல் தட்டு நனையலை. அந்த சாம்பல் ஸ்வெட்டரை எடுத்துக் குடுத்துட்டேன். ஏன் குடுத்தேன்னு கேக்காதே. கை நீண்டுச்சு, குடுத்துட்டேன்.

மறுநாள் காலையில தெருமுனையில அவன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். சாம்பல் ஸ்வெட்டர், ஒசந்த கழுத்து, ஒரு பக்கம் சாஞ்ச தோள். "ஜெயப்பிரகாசு"ன்னு கத்திட்டேன். அவன் திரும்பினான். மீசை வச்ச யாரோ. "என்னம்மா?"ன்னான். ஒண்ணுமில்லப்பான்னேன். "காய்ச்சல் விட்டுடுச்சும்மா, கழட்டித் தரவா"ன்னு கேட்டான். வேணாம், போட்டுக்கோன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.

அதுக்கு அப்புறம் வாசல் பக்கம் நான் பாக்கறதில்லை. பாக்கத் தோணலை.

நீ அனுப்பின பிரெட்டை சாய்ரா ஜாஸ்தியா சாப்பிட்டா. மாசமா இருக்கா.

அத்தை


சிதம்பரம்
20.2.2012

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

வக்கீலைப் பார்த்தேன். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இல்லை என்று கோர்ட் அறிவிக்கலாமாம். கடலூர் கோர்ட்டில்தான் போட வேண்டும். அவருடைய அம்மா, அப்பா என்று உங்கள் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தாக வேண்டும் என்கிறார். எதிரிகள் என்று அர்த்தமில்லை, அது கோர்ட் பாஷை. திடீரென்று நோட்டீஸ் வந்து நீங்கள் பதறக் கூடாது என்பதற்காக முன்னாலேயே சொல்கிறேன்.

இன்னொன்றையும் தில்லையம்மாள் சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். சீர்காழிக்காரர் மறுபடி கேட்டனுப்பினார். இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசை என்று சொல்ல முடியாது. அவர் நிதானமாகப் பேசுகிறார், நான் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறார். எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது.

நீங்கள் எதிர்த்தால் வழக்கு இழுக்கும். எதிர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் கோபப்பட மாட்டேன். வர வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும் என்கிறார் வக்கீல்.

மகேஸ்


சிதம்பரம்
23.9.2012

அத்தை,

பிப்ரவரியில் எழுதியதற்கு நீங்கள் பதில் போடவில்லை. நோட்டீஸ் வாங்கிக்கொண்டீர்கள் என்று மட்டும் தெரிந்தது. எதிர்க்கிறீர்களா, விட்டுவிட்டீர்களா, எதுவும் தெரியாமல்தான் அன்று கோர்ட்டுக்கு வந்தேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் படியேறி வந்ததைப் பார்த்ததும் கதவுப் பக்கமாக நகர்ந்துவிட்டேன். எதிர்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். வக்கீலும் அப்படித்தான் நினைத்தார்.

நீங்கள் கூண்டில் நின்றபோது நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜட்ஜ் அம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்க மகன் இறந்துட்டதா நம்புறீங்களாம்மா?"

"தெரியாதுங்க" என்றீர்கள்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜட்ஜ் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்படின்னா மருமக கேக்கறதை நீங்க ஆட்சேபிக்கிறீங்களா?" என்று கேட்டார். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறம் சொன்னீர்கள். "அவன் இருந்தா எங்கிட்ட பேசாம இருக்க மாட்டாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும். அவன் இருக்கானா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, நான் பாக்கலை. இந்தப் பொண்ணு இருக்குதுங்க. அது இருக்கறது எனக்குத் தெரியும். அதுக்கு எழுதிக் குடுத்துடுங்க."

டைப் அடிப்பவர்கூட ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டார்.

வெளியே வந்து உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள். நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன் அத்தை. இத்தனை வருஷம் வராதது அன்று வந்தது. கடலை விற்கிற அம்மாள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். சிதம்பரம் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன.

தீர்ப்பு நேற்று வந்துவிட்டது. கல்யாணம் ஐப்பசியில், வடலூரில், பத்துப் பேரோடு. உங்களைக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. இனிமேல் உங்களை என்னவென்று எழுதுவது என்றும் தெரியவில்லை. அத்தை என்று எழுதலாமா?

மகேஸ்வரி


கடலூர் முதுநகர்
1.10.2012

மகேசு,

வேற என்னன்னு எழுதுவே? அத்தைன்னே எழுது.

திரும்பிப் பாக்காம போனேன்னு எழுதியிருக்கே. உன்னைப் பாத்திருந்தா படியில இறங்கியிருக்க மாட்டேன். அங்கியே உக்காந்திருப்பேன். அதான்.

கல்யாணத்துக்கு நான் வரலை. கோவம்னு நினைக்காதே. நிக்க முடியாது. உங்க மாமா வருவாரு. அவருக்கு வேட்டி சட்டை எடுத்தாச்சு. அவருக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட ஆள் இருக்குதான்னு மட்டும் பாத்துக்கோ, தனியா உக்காந்தா சாப்பிட மாட்டாரு. அந்த சீர்காழித் தம்பிகிட்ட நீ காபிக்கு சக்கரை கம்மியா குடிப்பேன்னு சொல்லிட்டியா? வாய் தொறந்து சொல்லு. நீ சொல்ல மாட்டே.

கோர்ட்டுலேர்ந்து வந்த அன்னிக்கு உங்க மாமா சட்டையைக்கூடக் கழட்டலை. கூடத்துல செவுத்தோரமா உக்காந்து, ஜெயப்பிரகாஷ் போயிட்டான் ரத்தினம்னு சொன்னாரு. ஏழு வருஷமா அவரும் அதைச் சொல்லலை, நானும் சொல்ல விடலை. ஆமாங்க, போயிட்டான்னு சொன்னேன். அவர் அழுதாரு. சலீமா பீவி எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா.

எனக்கு அழுகை வரலை. பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அப்புறம் பசிச்சுது. எழுந்து போய் ரெண்டு பேருக்கும் சோறு போட்டேன். சாப்பிட்டோம்.

அத்தை